ஐந்து மில்லிமீட்டர்

ஜனவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுவது. எனக்குச் சளி விட்டுவிட்டது. இருமல் மட்டும் என்னை விட்டுப் போக மனமில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. உன் உடம்பு, அத்தான் முதுகுவலி, உன் மாமியாரின் சர்க்கரை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எழுது. போனில் கேட்டால் "எல்லாம் நல்லாருக்கு" என்று ஒரே வரியில் முடித்துவிடுவாய். உன் வீட்டுக் கூடத்தில் போனுக்கு நாலு காது. இங்கே கம்பெனியிலோ, சாம்பிள் ஷூ செய்கிற அறைக்குள் நுழையும்போதே போனை வாங்கிப் பெட்டியில் பூட்டிவிடுகிறார்கள், புது டிசைன் வெளியே போய்விடுமாம். நமக்குக் கடிதம்தான் சரி. தவிர, காகிதத்தில்தான் அனுப்பியாக வேண்டிய ஒரு காரியமும் இந்தத் தடவை இருக்கிறது.

இங்கே தெருவில் பெண்கள் போட்டுக்கொண்டு நடக்கிற பூட்ஸை நீ பார்க்க வேண்டும். அடிப்பாகம் செங்கல் கனம். மேலே பார்த்தால் காற்றில் பறக்கிற மெல்லிய பாவாடை. கீழே பார்த்தால் கட்டட வேலைக்குப் போகிற ஆளின் கால். முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் பக்கத்தில் நின்றவளிடம் கேட்டேவிட்டேன். "இவ்ளோ கனத்தை ஏம்மா தூக்கிட்டு நடக்கிற?" ஊதினால் பறந்துவிடுகிற மாதிரி இருந்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நான் வர்றது நாலு பேருக்குக் கேக்கட்டுமே" என்றாள். அதற்கப்புறம் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் கம்பெனியும் அந்த மாதிரி பூட்ஸ் கொண்டுவரப் போகிறது. வடிவமைக்கும் பொறுப்பு முதல்முறையாக என் கையில். செப்டம்பரில் என் ஒப்பந்தம் முடிகிறது. பூட்ஸ் தேறினால் நானும் தேறுவேன்; இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். சிக்கல் என்னவென்றால், இங்கே போட்டுப் பார்க்கிற மூன்று பெண்களுக்கும் கூர்முனை ஷூவுக்குள்ளேயே வளர்ந்த கால். விரல்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கிடக்கின்றன. கனமான பூட்ஸுக்குள் அந்தக் கால் வழுக்கி வழுக்கிக் கொப்பளித்துவிடுகிறது. எங்கள் மேலாளர் எதையும் மில்லிமீட்டரில்தான் பேசுவார். அதனால் அவருக்குப் பெயரே மில்லிமீட்டர். அவர் சொன்னார்: "விரல் விரிஞ்சு தரையைப் பிடிச்சு நிக்கிற கால் வேணும். அதுவும் சரியா முப்பத்தேழாம் நம்பரா இருக்கணும். எங்க போய்த் தேடறது?"

நான் யோசிக்காமலே, "எங்க அக்கா கால் சார்" என்றேன்.

கெட்டி அட்டையில் இரண்டு காலையும் ஊன்றி நின்று, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துச் சுற்றிக் கோடு போட்டு அனுப்பு. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. மாலையில் எல்லோருக்கும் கால் கொஞ்சம் பெருக்கும். விரல்களுக்குக் கீழே அகலமான இடத்தில் நூலைச் சுற்றி, முனை சேர்கிற இடத்தில் வெட்டி, அந்த நூலை அட்டையிலேயே ஒட்டிவிடு. வேறு யாராவது கோடு போட்டால் நல்லது.

கேலி செய்யாமல் செய்வாய் என்ற நம்பிக்கையோடு,
உன் வாலு


ஜனவரி 19

என் அருமை வாலுவுக்கு,

ஆண்டவன் கிருபையில் இங்கே மூன்று பேரும் நடமாடுகிறோம். அத்தைக்குச் சர்க்கரை நூற்று அறுபது. உன் அத்தான் நேற்று ஏழு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் பழுது பார்க்கப் போய், லிஃப்ட் ஓடாததால் ஏழு மாடியும் ஏறி இறங்கி, முதுகைப் பிடித்துக்கொண்டு வந்தார். எனக்கு ஒன்றுமில்லை. இருமலுக்கு வெந்நீர் குடி.

நீ சொன்னபடி காலை ஆறரைக்கு ஒன்றும் மாலை ஆறரைக்கு ஒன்றும் எடுத்தேன். வேறு யாரையும் கோடு போடச் சொல்லவில்லை. இவரைக் குனியச் சொன்னால் நிமிர்த்த ஆள் தேட வேண்டும். அத்தையைக் கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. நானே குனிந்து போட்டேன். முப்பத்தொன்பது வயதில் முழங்கால் மடங்காமல் பாதத்தைத் தொடுகிறேன், உன் கம்பெனிப் பெண்களிடம் சொல்.

அத்தை வாசல்படியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "மூஞ்சியைப் போட்டோ எடுப்பாங்க. காலை எதுக்கு எடுக்கறீங்க, அக்காளும் தங்கச்சியும்?"

"பூட்ஸ் செய்யறாளாம் அத்தை."

"உனக்கா?"

"ஊருக்கு."

"அப்ப ஊர்க்காரங்க காலை எடுக்கச் சொல்லு" என்று போய்விட்டார்.

கோட்டைப் போட்டு முடித்துக் காலை எடுத்துவிட்டுப் பார்த்தபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. இத்தனை வருடம் அடுப்புக்கும் குழாய்க்கும் மாடிப்படிக்கும் என்னைச் சுமந்த பாதம் இதுதானா! மேலேயிருந்து பார்த்தே பழக்கம். கோடாகப் பார்க்கும்போது யாரோ ஒரு பெரிய மனுஷி நின்றுவிட்டுப் போன இடம் மாதிரி இருந்தது. படைத்தவன் ஒரு கோணல்கூட வீணாகப் போடவில்லை. பிரார்த்தனை நேரத்தில் முதல்தடவையாகக் காலுக்கும் சேர்த்து நன்றி சொன்னேன்.

நிஜமாகவே இது ஒரு பூட்ஸுக்குள் போகுமா, அல்லது என்னை வைத்து விளையாடுகிறாயா?

உன் சுகத்துக்காகத் தினமும் கேட்டுக்கொள்ளும்,
அக்கா


பிப்ரவரி 16

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது, வெந்நீரால் என்றே வைத்துக்கொள். உன் பதிலில் அத்தை சர்க்கரை இருக்கிறது, அத்தான் முதுகு இருக்கிறது, உனக்கு மட்டும் "ஒன்றுமில்லை". போகட்டும்.

அக்கா, போன வாரம் உன் காலைக் கையில் பிடித்தேன்.

உன் கோட்டையும் நூலையும் வைத்துக் கால் அச்சு செய்து வந்துவிட்டது. மரத்தில் கடைந்த கால்; இதன்மேல்தான் தோலை இழுத்துப் பூட்ஸ் செய்வோம். பெட்டியைப் பிரித்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. கட்டைவிரல் தனியாக ஒதுங்கி நிற்கிறது, சுண்டுவிரல் வெளியே எட்டிப் பார்க்கிறது. நீதான்! பாத்திரம் தேய்த்துக்கொண்டே ஒரு காலை இன்னொரு காலின்மேல் வைத்து நிற்பாயே, அந்தக் கால். என் கையில், மேசை விளக்குக்குக் கீழே. மில்லிமீட்டர் அதைத் தன் மூக்குக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் யாரையும் பாராட்டி நான் கேட்டதில்லை. "இந்தம்மா நல்லா நின்னிருக்காங்க" என்றார்.

அதை வைத்து முதல் ஜோடி தைத்தாகிவிட்டது. கறுப்புத் தோல், முன்பக்கம் அகலமாக உருண்டு, அடியில் நாலு விரற்கடைக் கனம். உன் அளவு, ஆகவே உனக்கே அனுப்புகிறேன். தினமும் இரண்டு மணி நேரம் போட்டு நடந்து பார். எங்கே கடிக்கிறது, எங்கே தொளதொள என்கிறது என்று எழுதி அனுப்பு. உன்னைவிட ஒழுங்காக எழுதி வைக்கிற ஆள் இந்தக் கம்பெனியிலேயே கிடையாது.

உன் காலுக்கு வணக்கத்துடன்,
வாலு


மார்ச் 16

என் கண்ணான வாலுவுக்கு,

மூவரும் சுகம். அத்தைக்கு நூற்று ஐம்பது. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

பூட்ஸ் பன்னிரண்டாம் தேதி வந்தது. பெட்டியைத் திறந்ததும் அத்தை இரண்டடி பின்னால் போனார். "என்னடி இது, அம்மிக்கல்லை அனுப்பியிருக்கா?" கையில் எடுத்தால் கனம். தோல் வாசனை வீடு முழுக்க. கறுப்பில் ஜன்னல் வெளிச்சம் விழுந்து, உள்ளே ஏதோ விளக்கு எரிகிற மாதிரி இருந்தது. இதை நீயா செய்தாய்? பல்லால் நகத்தைக் கடித்துத் துப்புகிற அந்த விரல்களாலா?

பதினான்காம் தேதி பிரார்த்தனை முடித்துவிட்டுப் போட்டேன். உள்ளே விட்டதுமே கால் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. விரல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக நாற்காலி போட்ட மாதிரி. எழுந்து நின்றேன். வாலு, மேல் அலமாரித் தட்டு என் கண்ணுக்கு நேரே இருந்தது! பத்து வருடமாக முக்காலி போட்டு ஏறிய தட்டு. பின்வரிசையில் இவ்வளவு தூசு இருப்பது எனக்குத் தெரியவே தெரியாது.

பிறகு நடந்தேன். டக், டக், டக். நான் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போவது எனக்கே கேட்டது. இந்த வீட்டில் நான் வருவதும் போவதும் இதுவரை யாருக்கும் கேட்டதில்லை. நடுக்கூடத்தில் நின்று திரும்பவும் நாலடி வைத்துப் பார்த்தேன், நிஜம்தானா என்று.

"வீட்டுக்குள்ள லாரி ஓட்டறியா?" என்று அத்தை சத்தம் போட்டார். உன் அத்தான் செய்தித்தாளை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "ஏன், நல்லால்லையா?" என்றேன். "இல்ல... உன்னை அண்ணாந்து பாக்கறேன், அதான்" என்றார்.

தனி நோட்டு போட்டிருக்கிறேன். தேதி, நேரம், எந்த விரல் என்று பக்கம் பிரித்திருக்கிறேன். முதல் இரண்டு நாள் பக்கம் இத்துடன். கொஞ்சம் மெதுவாகத்தான் நடக்கிறேன், அதையும் குறித்துக்கொள். இப்போது ஒரு விஷயத்துக்காக விடாமல் வேண்டிக்கொண்டிருக்கிறேன். என்னவென்று கேட்காதே.

உன் கைகளை ஆசீர்வதிக்கும்,
அக்கா


ஏப்ரல் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன்னிடமிருந்து மூன்று வாரமாகக் கடிதமே இல்லை. அதனால் நீயும் நன்றாக இருப்பதாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

உன் நோட்டுப் பக்கங்கள் இங்கே பிரபலம். "பத்தாம் நாள்: இடது சுண்டுவிரல் ஓரம் லேசாக உரசல், மாடிப்படி இறங்கும்போது மட்டும், ஏறும்போது இல்லை." இதைப் படித்துவிட்டு மில்லிமீட்டர் அந்த இடத்தில் தோலை அரை மில்லிமீட்டர் சீவச் சொன்னார். ஆனால் பதினெட்டாம் நாளோடு பக்கம் நின்றுவிட்டது. தபாலில் தொலைந்ததா? முப்பது நாள் வேண்டும் அக்கா.

போன வாரம் பூட்ஸைப் படம் எடுத்தார்கள். ஒரு பெண் மஞ்சள் கவுன் போட்டு, உன் அச்சில் செய்த பூட்ஸோடு சுவர் ஓரமாக நின்றாள். படம் எடுக்கிறவர் "இன்னும் கொஞ்சம் ஸ்டைலா நில்லும்மா" என்றார். அவள் எப்படி எப்படியோ வளைந்தாள், சரிப்படவில்லை. கடைசியில் களைத்துப்போய் ஒரு காலை இன்னொரு காலின்மேல் வைத்து நின்றாள். "அதான்! அசையாதே!" என்று கத்தினார். அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

அடிப்பாகத்தை ஆயிரக்கணக்கில் வார்த்தெடுக்க இரும்பில் வார்ப்பு அச்சு செய்யப்போகிறோம். செய்துவிட்டால் மாற்ற முடியாது. அதற்குமுன் சரிபார்ப்பதற்கு உன் காலை இன்னொரு தடவை எடுத்து அனுப்பு. இரண்டும் ஒத்துப்போனால் மில்லிமீட்டர் கையெழுத்துப் போடுவார்.

வழிமேல் விழி வைத்திருக்கும்,
வாலு


ஜூன் 10

அன்பு வாலுவுக்கு,

சுகம். தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே. பென்சிலில் எழுதுகிறேன், பேனா சரியாக எழுதவில்லை.

இப்போதெல்லாம் அத்தையே சமைக்கிறார். பக்கத்து வீட்டில் வெள்ளையடித்து முடித்துவிட்டார்கள், நல்ல வெளிச்சம். ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம் இருப்பதை இத்தனை நாள் நான் சரியாகப் பார்த்ததே இல்லை. எந்தக் கிளையில் எப்போது வெயில் வரும் என்றுகூட இப்போது தெரியும்.

பூட்ஸ் பத்திரமாக இருக்கிறது. பூட்ஸில் ஒரு குறையும் இல்லை, அதை உன் மேலாளரிடம் சொல்லிவிடு. பதினெட்டு நாள் போதும் என்று நினைக்கிறேன்.

நீ கேட்ட அட்டை இத்துடன்.

அக்கா


ஜூலை 2

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் இல்லை, மன்னித்துக்கொள்.

இது யார் கால்?

நீளம் ஐந்து மில்லிமீட்டர் கூடுதல். நூல் பதினோரு மில்லிமீட்டர் கூடுதல். பாதத்தின் உள்வளைவு ஏறக்குறைய காணோம். முப்பத்தொன்பது வயதில் யாருக்காவது கால் வளருமா? மில்லிமீட்டர் இரண்டு அட்டையையும் எல்லோருக்கும் முன்னால் மேசைமேல் போட்டார். "அரை மில்லிமீட்டர்னா கை நடுக்கம். ஒண்ணுன்னா பென்சில் சாய்ஞ்சிருக்கு. அஞ்சு மில்லிமீட்டர் தப்பே இல்லம்மா, அது வேற ஆளு." முதல் அட்டையும் பொய்யாக இருக்கலாம் என்று வார்ப்பு வேலையை நிறுத்திவிட்டார். என் நாற்காலியில் உட்கார வேறொருவனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம்.

கோடுகூட உன்னுடையது இல்லை. உன் கோடு மெல்லியதாக, அங்கங்கே நின்று யோசித்து யோசித்துப் போகும். இது அழுத்திப் போட்ட கோடு, ஆம்பளைக் கை. அவசரத்துக்கு யாரையோ நிற்கவைத்து அத்தானை வரையச் சொன்னாயா? ஒரு நிமிஷம் அட்டைமேல் நிற்க உனக்கு நேரமில்லாமல் போய்விட்டதா? கடவுளுக்குப் பயந்து நடக்கிறவள் நீ. உன்னால் இப்படிச் செய்ய முடியும் என்று நான் நினைக்கவில்லை.

உண்மையை மட்டும் எழுது.

தங்கை


ஜூலை 22

என் அக்காவுக்கு,

உன் பதில் வரவில்லை. வராததுதான் நியாயம். போன கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. முடிந்தால் படித்ததை மறந்துவிடு.

நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் அறையில் தோல் வெட்டுகிற அம்மா ஒருவர் இருக்கிறார், கட்டிங்கம்மா என்போம். நேற்று நான் இரண்டு அட்டைகளையும் வெளிச்சப் பலகைமேல் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து விடை தேடிக்கொண்டிருந்தேன். அவர் பின்னால் வந்து நின்றார்.

"யாருதுடி?"

"அக்காது. ஜனவரில ஒண்ணு, ஜூன்ல ஒண்ணு. ரெண்டாவது அவ காலே இல்ல, கோடும் அத்தான் கை."

அவர் கத்தரியைக் கீழே வைத்தார். விரலால் இரண்டு கோட்டையும் தொட்டுக்கொண்டே வந்தார். "சுண்டுவிரல் வளைவு ஒண்ணு. கட்டைவிரல் ஒதுக்கம் ஒண்ணு. அதே காலுதான். மேல கனம் ஏறியிருக்கு." பிறகு, "நான் கல்யாணத்தப்ப முப்பத்தாறு. மூத்தவன் பொறந்தப்ப முப்பத்தேழு. ரெண்டாவதுக்கு அப்புறம் இன்னிக்கு வரைக்கும் முப்பத்தெட்டு. உடம்புக்குள்ள எலும்பு மூட்டெல்லாம் இளகி இடம் விடும்டி, காலும் சேர்ந்து இளகும். அட லூசு, உங்கக்காவால குனிய முடியல. அதான் மாப்பிள்ளை வரைஞ்சிருக்காரு" என்றார்.

உன் ஜூன் மாதக் கடிதத்தை எடுத்துத் திரும்பவும் படித்தேன்.

அத்தை சமைக்கிறார். பேனா எழுதவில்லை, படுத்துக்கொண்டு எழுதினால் பேனா எப்படி எழுதும்? ஜன்னல், மரம், கிளை, வெயில். எல்லாம் உன் கடிதத்தில் இருந்தது. நான் மில்லிமீட்டரை மட்டும் படித்திருக்கிறேன்.

மூன்று தடவை, அக்கா. மூன்று தடவையும் நீ சந்தோஷமாக எல்லோருக்கும் சொன்னாய். மூன்று தடவையும் அதே ஆட்களுக்குத் திரும்பவும் சொல்ல வேண்டி வந்தது. கடைசித் தடவை ஐந்தாம் மாதத்தில். நான் அழுத அழுகையில் நீதான் எனக்குத் தண்ணீர் கொடுத்தாய்.

அந்த வார்த்தையை நான் எழுத மாட்டேன். நீ எழுதும்வரை எழுத மாட்டேன். எதுவும் கேட்கவும் மாட்டேன்.

நேற்று எல்லோரும் சாப்பிடப் போனபிறகும் விளக்கை அணைக்காமல் அந்த இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்கிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு அரிசி நீளம்கூட வராது. அந்த இடத்தில் ஒரு ஆள் இருக்கிறது. இத்தனை வருடமாக அளவு எடுக்கிறேன், இவ்வளவு பெரிய அளவை நான் பார்த்ததில்லை.

உன் காலில் விழும்,
வாலு


ஆகஸ்ட் 3

என் செல்ல வாலுவுக்கு,

எழுந்திரு. காலில் எல்லாம் விழ வேண்டாம். இப்போது அந்தக் காலை என்னாலேயே பார்க்க முடியவில்லை.

ஜூலை மாதக் கடிதம் வந்தபோது அழுதேன்தான். கோபத்தினால் இல்லை. "உண்மையை மட்டும் எழுது" என்றிருந்தாய். அதைத்தான் என்னால் செய்ய முடியவில்லை. நான் பொய் ஒன்றும் எழுதவில்லை, பார்த்துக்கொள். எழுதாமல் விட்டதற்கும் கணக்குக் கேட்பான் ஆண்டவன், தெரியும்.

பூட்ஸ் போட்டு நடந்த பத்தொன்பதாம் நாள், ஏப்ரல் ஒன்று, காலை பத்து மணிக்கு, மாடிப்படியில் எனக்கு உதிரம் கண்டது. நாலாம் மாதம். அங்கேயே உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினேன். அப்போது வேண்டியதை நான் இங்கே எழுத மாட்டேன், அது எனக்கும் அவனுக்கும். டாக்டரம்மா பார்த்துவிட்டு, "இருக்கு, நல்லா துடிக்குது" என்றார். படுத்தே இருக்கச் சொன்னார். "பூட்ஸாலயா டாக்டர்?" என்று கேட்டேன். சிரித்தார். "பூட்ஸுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா." திரும்பத் திரும்பக் கேட்டேன். என்னை நம்பவைக்க அவருக்குப் பத்து நிமிஷம் ஆனது.

உன்னை நம்பவைக்க யார் இருக்கிறார்கள்? ஏதாவது ஆகியிருந்தால் ஆயுசுக்கும் நீ உன் கையை நொந்துகொண்டிருப்பாய். முதன்முதலாக நீயே செய்த பொருள் அது. அதனால்தான் சொல்லவில்லை. வேறெதுவும் இல்லை.

அந்த நோட்டில் பூட்ஸ் பக்கம் முடிந்த இடத்துக்கு அடுத்த பக்கத்திலிருந்து, தினமும் மாலைப் பிரார்த்தனைக்குப் பிறகு ஒரு கோடு போடுகிறேன். இன்றோடு நூற்று இருபத்து நாலு கோடு. அதற்குமேல் எண்ணிப் பார்க்க மாட்டேன்.

அத்தை ஏப்ரலிலிருந்து என்னை ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. தண்ணீர் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போகிறார். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. நேற்று, "அத்தை, ஏதாவது திட்டுங்களேன்" என்றேன். "பாக்கி வச்சிருக்கேன். மொத்தமா வாங்கிக்க" என்றார்.

உன் வேலை என்ன ஆனது? என்னால் அது போய்விட்டதா? அதை மட்டும் உடனே எழுது.

உன்னை நினைக்காத நாளில்லாத,
அக்கா


ஆகஸ்ட் 11

அன்பே உருவான அக்காவுக்கு,

வேலை போகவில்லை. நீ நிம்மதியாகப் படு. இடது பக்கம் சாய்ந்து படுக்க வேண்டும் என்று கட்டிங்கம்மா சொல்லச் சொன்னார்.

உன் கடிதம் வருவதற்கு முன்பே மில்லிமீட்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "சார், ரெண்டு அட்டையும் ஒரே ஆளுதான்." காரணத்தைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணாடி இல்லாமல் அவர் முகம் வேறு யாரோ மாதிரி இருந்தது. இரண்டு அட்டையையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தார். "எங்க வீட்டுல மூணு தடவை செருப்பு மாத்தினா. புதுசு வாங்கத்தான் சாக்கு சொல்றான்னு நினைச்சேன். ஒரு தடவைகூட காலைப் பாக்கல" என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

அப்புறம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "சரி. ஒரே கால் ரெண்டு அளவா இருக்கும்னா, பூட்ஸும் ரெண்டு அளவா இருக்கட்டும். அடியில அவ்ளோ கனம் வச்சிருக்க, அதை ஏன் சும்மா விடற?" என்றார். இரண்டு வாரமாக வீட்டுக்குப் போவதுகூடத் தூங்கத்தான். கனமான அடிப்பாகத்தில் பள்ளம் விட்டு, உள்ளே எடுக்கிற மாதிரி ஒரு தகடு வைத்திருக்கிறேன். எடுத்துவிட்டால் கால் கீழே இறங்கி, அகலத்துக்கு இடம் கிடைக்கும். மேலே கயிற்றுக்குப் பதில் இரண்டு பட்டை, ஒவ்வொன்றிலும் ஒன்பது துளை. பார்ப்பதற்கு அதே முரட்டு பூட்ஸ்தான். தெருவில் எந்தப் பெண்ணும் இதில் இப்படியொரு இடம் இருப்பதைக் கண்டுபிடிக்க முடியாது, அவளுக்கு அது தேவைப்படும்வரை.

இன்று காலை வார்ப்புக்குக் கையெழுத்துப் போட்டார். ஒப்பந்தத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஆனால் குளிர்காலத்துக்கு அடுத்த டிசைன் எங்கே என்று கேட்டார்.

நான் எதுவும் கேட்கவில்லை, பார்த்தாயா?

மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்,
வாலு


செப்டம்பர் 2

வாலுவுக்கு,

மூச்சை விடு.

மகள். பெண் குழந்தை. என் மகள். எழுதிவிட்டேன்.

ஆகஸ்ட் பதினெட்டு, காலை எட்டு ஐந்து. இரண்டு கிலோ இருநூறு கிராம். மூன்றரை வாரம் முந்திக்கொண்டாள். நீ பதறுவாய் என்று உன் அத்தானைப் போன் செய்ய வேண்டாம் என்றேன். மூச்சு கொஞ்சம் சிரமமாக இருந்ததால் கண்ணாடிப் பெட்டியில் பதிமூன்று நாள் வைத்திருந்தார்கள். நேற்று முன்தினம் வீட்டுக்கு அனுப்பினார்கள். நல்லபடியாக இருக்கிறாள், நானும் நல்லபடியாக இருக்கிறேன். டாக்டரம்மா சொன்னதையே அப்படியே எழுதியிருக்கிறேன், எதையும் விடவில்லை.

அந்தப் பதிமூன்று நாளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். குழந்தைகளை வைத்திருக்கிற அறை வாசலில் எல்லோரும் காலணியைக் கழற்ற வேண்டும். காலையில் போனால் வரிசையாகக் கிடக்கும். ஆபீஸ் போகிற அப்பாவின் பளபளப்பு ஷூ, நர்சின் வெள்ளைச் செருப்பு, என் பழைய செருப்பு. ஐந்தாம் நாள் ஒரு பெண் ஓடி வந்தாள். பத்தொன்பது இருபது வயதுதான் இருக்கும். காலில் உன் பூட்ஸ் மாதிரியே முரட்டு பூட்ஸ், வேறு கம்பெனி; முழங்கால்வரை கயிறு. அவள் வருவது மாடிப்படியிலிருந்தே கேட்டது. உள்ளே அவளுடைய குழந்தைக்கு ஏதோ ஆகிவிட்டதென்று கூப்பிட்டிருக்கிறார்கள். கீழே உட்கார்ந்து கயிற்றை அவிழ்க்கிறாள், முடிச்சு இறுகிக்கொள்கிறது. "வர மாட்டேங்குதே, வர மாட்டேங்குதே" என்று அழுகிறாள்.

நான் குனிந்தேன். என்னால் குனிய முடிந்தது! ஒரு காலை மடியில் வைத்து முடிச்சைப் பல்லால் இழுத்து அவிழ்த்தேன். குதிகாலைப் பிடித்து இழுக்க வேண்டும் என்று உன் பூட்ஸ் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது. இரண்டும் வந்துவிட்டன. உள்ளே இருந்த கால் எவ்வளவு சின்னது தெரியுமா! வியர்த்துச் சிவந்து, குழந்தையின் கால் மாதிரி. அவ்வளவு கனத்தையும் என் மடியில் விட்டுவிட்டு அவள் ஓடினாள். ஒரு சத்தமும் கேட்கவில்லை. அவள் திரும்பி வரும்வரை அந்த பூட்ஸைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து வேண்டிக்கொண்டிருந்தேன், பெயர் தெரியாத அந்தக் குழந்தைக்காக. பிழைத்துக்கொண்டது. இப்போது எங்களுக்குப் பக்கத்துப் பெட்டிக்காரி அவள்தான், இல்லை, நேற்று முன்தினம்வரை.

இவள் பாதத்தை அனுப்பச் சொல்லிக் கேட்பாய். முடியாது. கோடு போட வேண்டுமானால் நிற்க வேண்டும், இவள் இன்னும் எதன்மேலும் நின்றதில்லை. உள்ளங்காலைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், வாலு. ஒரு தேய்மானம் இல்லை, ஒரு அழுத்தம் இல்லை. தரை என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. அத்தையும் வந்து பார்த்தார். கட்டைவிரலைத் தொட்டுவிட்டு உடனே கையை எடுத்துக்கொண்டார். "என்ன அத்தை?" என்றேன். "பேசாதே, எனக்கு ஒண்ணுமே வரல" என்றார். இத்தனை வருடத்தில் அவருக்கு ஒன்றும் வராமல் போனது இதுதான் முதல்தடவை.

என் காலுக்குப் பழைய அளவு இனி வராதாம். முப்பத்தெட்டாம் நம்பர்தான். மில்லிமீட்டர் சாரிடம் என் மன்னிப்பைச் சொல்லிவிட்டு வேறு காலைத் தேடச் சொல். நீ விடுப்பு எடுத்துக்கொண்டு உடனே

எழுந்துவிட்டாள். அழுகிறாள். எட்டு வீட்டுக்குக் கேட்கும் போல இருக்கிறது. போகிறேன்